பல்கலைக் கழகத்து ஏடுகளுக்கு ஆயுள் எத்தனை ஆண்டு?

ஒரு மாணவன் பல்கலைக் கழகத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் பயின்று, பட்டம் பெற்று வெளியேறுகின்றான். அவன் அமர்ந்த இருக்கையில் அடுத்த ஆண்டு வேறொருவன் அமர்கின்றான். அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுச் செல்கின்றனர். முப்பது ஆண்டு கழித்து, அவன் அங்கே பயின்றான் என்பதற்குச் சான்றாக அக்கழகத்தில் எஞ்சி நிற்பது அலுவலகப் பதிவேட்டிலுள்ள ஒரே ஒரு வரிதான். பெயர், பிறந்த நாள், சேர்ந்த ஆண்டு, தேறிய பாடம், பெற்ற பட்டம் ஆகிய இவ்வைந்தும் அடங்கிய அவ்வரி அழிந்துவிடின், அவன் கையிலிருக்கும் சான்றிதழ் மெய்யா பொய்யா என்று கேட்பவனுக்கு விடை கூற எவருமில்லை.

பரம்பரைச் சொத்துள்ளவனுக்கு இஃது ஈடுசெய்யக் கூடிய இழப்பே. அவனுக்கு நிலம் உண்டு, வீடு உண்டு, அவனை அறிந்த பெரிய மனிதர்கள் உண்டு. ஆனால், ரப்பர்ப் பால் வெட்டிச் சேர்த்த காசில் படிக்க அனுப்பப்பட்ட தோட்டத்துப் பிள்ளைக்கும், பட்டணத்துக் கடைச் சிப்பந்தியின் மகளுக்கும் அந்த ஒரு வரியே நிலம், அதுவே வீடு. ஆகவே, அலுவலக ஏடுகளை எத்தனை காலம் காப்பது, எப்பொழுது கழிப்பது என்னும் கேள்வியைக் குமாஸ்தாக்களுக்கும் கிராணிமார்களுக்கும் மட்டும் உரியதென்று நம்மவர் தள்ளிவிடுவது அறிவுடைமையாகாது.

இக்கேள்விக்கு இருவகையாக விடை கூறுவோர் உளர். ஒரு சாரார், "ஒன்றையும் எறியாதே" என்பர். மற்றொரு சாரார், "பழையனவற்றைக் கொளுத்தி இடத்தைத் துப்புரவாக்கு" என்பர். இருவர் சொல்லும் கேட்பதற்கு எளிது. ஆயினும் இரண்டும் கேடு பயப்பன. அஃது எங்ஙனம் என்பதை வரலாற்றைக் கொண்டே காட்டுவோம்.

பெட்டியும் பூட்டும்

ஐரோப்பாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பல்கலைக் கழகங்கள் தோன்றிய பொழுது அவற்றிற்கு மாளிகைகள் இல்லை. வாடகை அறைகளிலும் மாதா கோயில்களிலுமே பாடம் நடந்தது. பல்கலைக் கழகம் என்பது ஆசிரியரும் மாணவரும் கூடிய ஒரு சங்கமாகவே இருந்தது. அச்சங்கத்தின் உண்மையான சொத்து, மன்னரும் போப்பாண்டவரும் அளித்த உரிமைப் பட்டயங்களே. மாணவர் குற்றம் செய்தால் விசாரிப்பவர் யார், வீட்டு வாடகையை யார் நிர்ணயிப்பது என்பன போன்ற உரிமைகள் தோலில் எழுதி முத்திரையிடப்பட்டிருந்தன. அவற்றைக் கனத்த மரப்பெட்டியில் வைத்து, அப்பெட்டிக்குப் பல பூட்டுகள் இட்டு, ஒவ்வொரு திறவுகோலையும் வெவ்வேறு அதிகாரியிடம் ஒப்படைத்தனர். ஒருவர் தனித்து அதனைத் திறத்தல் இயலாது. ஏடு ஒருவர் விருப்பத்திற்கு உட்பட்டதாக இருத்தலாகாது என்னும் உண்மையை அக்காலத்தவர் நன்குணர்ந்திருந்தனர்.

இங்கிலாந்தில் 1381ஆம் ஆண்டு ஜூன் மாதம், தலைவரியின் கொடுமை தாங்காது உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கலகம் கேம்பிரிட்ஜ் நகரையும் எட்டியது. பல்கலைக் கழகம் தம்மீது செலுத்திய அதிகாரத்தை நெடுநாளாக வெறுத்து வந்த நகர மக்கள், புனித மரியாள் கோயிலிலிருந்த கழகத்துப் பெட்டியை உடைத்து, அதிலிருந்த பட்டயங்களையும் ஏடுகளையும் சந்தை வெளியில் குவித்துத் தீயிட்டனர். மார்ஜரி ஸ்டார் என்னும் மூதாட்டி அச்சாம்பலை அள்ளிக் காற்றில் தூற்றி, கற்றவர்களின் வித்தை ஒழியட்டும் என்னும் கருத்துப்படக் கூவினாள் என்று பழைய வரலாற்றுக் குறிப்புக் கூறும்.

அம்மூதாட்டியை மூடத்தனம் உடையவள் என்று நாம் இகழ்ந்துவிட வேண்டியதில்லை. எழுத்தறியாதவனுக்கு ஏடு என்பது எதிரியின் ஆயுதம். வரியும் கடனும் கட்டுப்பாடும் அதிலேதான் எழுதப்பட்டிருக்கும். தோட்டத்துக் கடைக் கணக்கில் என்ன எழுதியிருக்கின்றதென்று அறியாமலே கைநாட்டு வைத்த நம் பாட்டன்மாருக்கு அந்த உணர்ச்சி நன்கு விளங்கியிருக்கும். ஆனால், அத்தீயினால் விளைந்த பயன் யாது? கலகம் அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அஃதாவது 1382இல், அரசன் இரண்டாம் ரிச்சர்டு ரொட்டி, மது முதலியவற்றின் விலையையும் தரத்தையும் மேற்பார்க்கும் உரிமையையும் பல்கலைக் கழகத்திற்கே வழங்கினான். நகர மக்கள் முன்னினும் தாழ்ந்தனர். 1209இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கழகத்தின் முதல் 170 ஆண்டு வரலாறு பல இடங்களில் இருண்டு கிடப்பதற்கும் அத்தீ ஒரு காரணமாயிற்று. சாம்பலான ஏடு ஆண்டானுக்கு எதிராகவும் சாட்சி சொல்லாது என்பதை அவர்கள் எண்ணவில்லை.

ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகம் வேறு வழியிற் சென்றது. அங்கும் நகரத்தாருக்கும் கழகத்தாருக்கும் ஓயாத வழக்கு. அவ்வழக்குகளில் கழகத்தின் உரிமையை நிலைநாட்டுவதற்காகப் பிரையன் ட்வைன் என்னும் அறிஞர் பழைய ஏடுகளைத் தேடித் திரட்டி ஒழுங்கு செய்தார். 1634இல் அவரே அக்கழகத்தின் முதல் ஏட்டுக் காப்பாளராக நியமனம் பெற்றார். அப்பதவி இன்றளவும் நீடித்து வருகின்றது.

இவ்வாறு காக்கப்பட்ட ஏடுகள் பிற்காலத்தில் எவரும் எதிர்பாராத பயனைத் தந்தன. ஆக்ஸ்போர்டில் மாணவனைச் சேர்க்கும்பொழுது அவன் தந்தை பிரபுவா, கனவானா, சாமானியனா என்பதைப் பதிவேட்டில் குறித்து, அந்தத் தகுதிக்கேற்பக் கட்டணம் வாங்கினர். கட்டணம் வாங்கியவுடன் அக்குறிப்பின் வேலை தீர்ந்தது. ஆயினும் எறியப்படாததனால், எந்தெந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்விச்சாலையின் கதவு திறந்திருந்தது, எப்பொழுது அடைபட்டது என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் அதனைக் கொண்டே கணக்கிட்டனர். கேம்பிரிட்ஜில் ஜான் வென் என்னும் அறிஞரும் அவர் மகனும் 1900ஆம் ஆண்டு வரை அங்குப் பயின்றோரின் குறிப்புகளைத் தொகுத்தனர். அத்தொகுப்பு 1922 முதல் 1954 வரை 10 பகுதிகளாக வெளிவந்தது. பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இல்லாதிருப்பின் அந்நூலுக்கு இடமேது?

கணக்குக் குச்சிகள் மூட்டிய தீ

நிற்க. அப்படியாயின் எல்லாவற்றையும் காத்து வைப்பதே முறை என்று சிலர் முடிவு கட்டலாம். அவர்கள் 1834ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்ந்ததைக் கேட்பாராக.

இங்கிலாந்தின் கருவூலத்தார் 12ஆம் நூற்றாண்டு முதலே பணம் பெற்றதற்கு அடையாளமாக மரக்குச்சியைப் பயன்படுத்தி வந்தனர். குச்சியின் குறுக்கே தொகைக்கேற்ற அளவில் வெட்டுகள் இட்டு, அதனை நெடுக்காக இரண்டாகப் பிளப்பர். ஒரு பாதி பணம் கொடுத்தவனிடமும் மறுபாதி அரசாங்கத்திடமும் இருக்கும். பின்னர் இரண்டையும் பொருத்திப் பார்த்தால் வெட்டுகள் ஒன்றோடொன்று இசைய வேண்டும். எழுத்தறியாதவனையும் ஏமாற்ற இயலாத நல்ல முறை அது. காகிதக் கணக்கு வந்த பின்பும் அதனை விடவில்லை. 1782இல் சட்டம் இயற்றியும், அம்முறை முற்றிலும் நின்றது 1826இல்தான். அதன் பின்னும், எதற்கும் உதவாத குச்சிகள் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையில் குவிந்து கிடந்தன.

1834 அக்டோபர் 16ஆம் நாள், இடம் வேண்டுமென்று அவற்றைக் கழிக்க முற்பட்டனர். இரண்டு வண்டி அளவான உலர்ந்த குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழேயிருந்த அடுப்புகளில் இரு வேலையாட்கள் காலை முதல் மாலை வரை இட்டுக் கொண்டேயிருந்தனர். புகைபோக்கி தாங்கவில்லை. அன்று மாலை தீ மேலெழுந்து, இரு சபைகளும் கூடிய பாராளுமன்ற மாளிகையின் பெரும்பகுதியை விழுங்கிற்று. அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாகாதா என்று நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1855இல் ஒரு சொற்பொழிவில் எள்ளி நகையாடினார்.

இந்நிகழ்ச்சியில் மற்றொரு செய்தியும் உண்டு. பொதுமக்கள் சபையின் பழைய ஏடுகள் அம்மாளிகைக்குள்ளேயே இருந்தமையால் பெரும்பாலும் எரிந்தொழிந்தன. பிரபுக்கள் சபையின் சட்ட ஏடுகளோ சற்றுத் தள்ளியிருந்த நகைக் கோபுரம் என்னும் தனிக் கட்டடத்தில் இருந்தமையால் தப்பின. காலத்தில் கழிக்காத பொருள், காக்க வேண்டிய பொருளையும் சேர்த்து அழித்தது. அறிவோடு பிரித்து வைத்தது மட்டுமே பிழைத்தது.

விதி பிறந்தும் தவறு ஒழியவில்லை

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1838இல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் பொது ஏட்டுக் காப்பகத்திற்கான சட்டத்தை இயற்றியது. 1877இல் இயற்றிய மற்றொரு சட்டம், காப்பதற்குத் தகுதியற்ற ஏடுகளை முறைப்படி அழிப்பதற்கு முதன்முதலாக வழி வகுத்தது. அதிலும் 1715ஆம் ஆண்டுக்கு முற்பட்ட எதனையும் தொடலாகாதென்று எல்லை இட்டது. பின்னர் 1898இல் அவ்வெல்லை 1660க்குத் தள்ளப்பட்டது. இரு பெரும் போர்களால் அரசாங்கக் காகிதம் மலைபோற் பெருகவே, கிரிக் என்பாரைத் தலைவராகக் கொண்ட குழுவொன்று ஆராய்ந்து 1954இல் அறிக்கை தந்தது. ஏடு அலுவல் முடிந்து 5 ஆண்டு கழிந்ததும் ஒரு முறை பார்த்துப் பயனற்றதை நீக்குக. எஞ்சியதை 25 ஆண்டு ஆனதும் மீண்டும் பார்த்து, வரலாற்றுக்கு வேண்டியதை மட்டும் நிலையாகக் காக்க என்பதே அக்குழுவின் யோசனை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழியே பிறந்தது. பல்கலைக் கழகங்களும் நிறுவனங்களும் இன்று வகுத்துக் கொள்ளும் கால அட்டவணைகள் இத்தகைய எண்ணத்தின் வழிவந்தவையே.

ஆயினும், அதிகாரம் இருப்பதனாலேயே அறிவும் இருந்துவிடாது. அயர்லாந்தில் 1821 முதல் பத்தாண்டுக்கொரு முறை குடிமதிப்பு எடுத்தனர். 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு ஆண்டுகளின் ஏடுகளுள் மிகப் பெரும்பகுதி 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரக் காப்பகம் வெடித்து எரிந்தபொழுது மாண்டன. இதனை உலகமே அறியும். ஆனால், 1861, 1871 ஆண்டுகளின் ஏடுகளைக் கணக்கெடுத்த சில காலத்திலேயே அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 ஆண்டுகளின் ஏடுகளோ முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. பகைவர் தீ நான்கைத் தின்றது; சொந்த அலுவலகம் வேறு நான்கைத் தின்றது. பஞ்சத்தில் மாண்டும், கப்பலேறிச் சிதறியும் போன ஒரு மக்களினம், தன் பாட்டன் பெயரைத் தேடும்பொழுது அக்கதவு அடைபட்டிருப்பதைக் காண்கின்றது.

மிக அண்மைக் காலத்தில், 2010இல், பிரிட்டனின் உள்துறை அலுவலகம், மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் வந்திறங்கியோரின் பழைய வருகைச் சீட்டுகளை அழித்தது. தேவைக்கு மேல் தனியார் விவரங்களை வைத்திருத்தலாகாது என்பது பின்னர்க் கூறப்பட்ட காரணம். அதே காலத்தில், அம்மக்களுள் பலர், சிறுவயதில் சட்டப்படி வந்து வாழ்நாள் முழுவதும் அங்கே உழைத்தவர்கள், "நீ எந்த ஆண்டு வந்தாய்? சான்று காட்டு" என்று கேட்கப்பட்டனர். சான்று காட்ட இயலாதவர் வேலை இழந்தனர், மருத்துவம் மறுக்கப்பட்டனர், சிலர் நாடு கடத்தவும் பட்டனர். 2018இல் இச்செய்தி வெளியாகிப் பெரும் கண்டனம் எழுந்து, உள்துறை அமைச்சரும் பதவி விலகினார். அழிக்கும் முன், "இந்தச் சீட்டு எவனுக்கு உதவும்?" என்று கேட்டிருந்தால் போதும். அலுவலகத்துக்கு உதவுமா என்று மட்டுமே கேட்டனர்.

நம்மவர் கதையும் இதற்கு விலக்கன்று. பழுதுபட்ட ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுதல் நம் நாட்டில் ஒரு வழக்கமாயிருந்தது. பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்று ஏடுகளைக் கேட்டபொழுது, அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக விடை கிடைத்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கின்றார். சாத்திரம் அவ்வாறு கூறுகின்றதாம்! இட்டவர்கள் தீங்கு நினைத்தவர்களல்லர், பக்தியோடுதான் இட்டனர். ஆனால், இடும் முன் ஓர் ஏட்டையேனும் பிரித்துப் படித்தாரில்லை. இன்னின்ன நூல் எரிந்தது என்று ஒரு பட்டியலேனும் எழுதி வைத்தாரில்லை. எவை போயின என்பதை அறியவும் நமக்கு வழியில்லாமற் போயிற்று.

கழகம் மாறலாம், பதிவேடு மாயலாகாது

நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். 1905இல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி தோன்றி, பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1928இல் ராபிள்ஸ் கல்லூரி பாடம் தொடங்கிற்று. இவ்விரண்டும் இணைந்து 1949இல் மலாயாப் பல்கலைக் கழகம் பிறந்தது. 1959இல் அது சிங்கப்பூரில் ஒரு பிரிவும் கோலாலம்பூரில் ஒரு பிரிவுமாயிற்று. 1962இல் அவை இரண்டும் தனித்தனிப் பல்கலைக் கழகங்களாயின. சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகம் 1980இல் நன்யாங் பல்கலைக் கழகத்துடன் இணைந்து சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகம் ஆயிற்று.

ஒரு தலைமுறைக்குள் எத்தனை பெயர், எத்தனை கட்டடம்! இடையில் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி வேறு. இவ்வளவு மாறுதல்களுக்கிடையே 1939இல் பயின்ற ஒருவர் தம் படிப்புக்குச் சான்று வேண்டினால் எந்த வாயிலுக்குச் செல்வது? பழைய கழகம் மறையும்பொழுது அதன் மாணவர் பதிவேட்டைப் புதுக் கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்னும் நெறி இருந்தாலன்றி அவருக்குப் போக்கிடமில்லை.

நன்யாங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரிக்ஷாக்காரர் முதல் கோடீசுவரர் வரை சீன மக்கள் கொடுத்த பொருளால் எழுந்தது அக்கழகம். 1980க்குப் பின் அப்பெயரில் ஒரு கழகம் இல்லை. அதன் பட்டதாரிகளின் பெயர்ப் பதிவு முதலில் தேசியப் பல்கலைக் கழகத்திடம் சென்றது. பின்னர் 1996இல், பழைய நன்யாங் வளாகத்திலேயே அமைந்த நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மறைந்துபோன ஒரு கழகத்தின் மாணவர்கள், "எங்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கின்றது?" என்பதனை உயிர்ப் பிரச்சினையாகக் கருதினர். அவர்கள் கருதியது முற்றிலும் சரியே.

எதற்கு எவ்வளவு ஆயுள்?

இனி, ஏடுகளை வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதல் வகை, என்றும் அழியாதிருக்க வேண்டுவன. மாணவர் சேர்க்கைப் பதிவேடு, தேர்வு முடிவு, பட்டம் பெற்றோர் பட்டியல், ஆட்சிக் குழுவும் கல்விப் பேரவையும் செய்த தீர்மானங்கள், சட்டதிட்டங்கள், பாடத்திட்டம், ஒவ்வொரு தேர்வின் வினாத்தாளிலும் ஒரு படி ஆகியன இதில் அடங்கும். வினாத்தாள் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதை அது காட்டும். ஆயிரக்கணக்கான விடைத்தாள்கள் மறையலாம்.

இரண்டாம் வகை, சில ஆண்டு வாழ்ந்து மறைய வேண்டுவன. மாணவனைப் பற்றிய கடிதங்கள், கட்டண விவரம், விடுப்பு மனு முதலியன நிறைந்த தனிக் கோப்பு இத்தகையது. மாணவன் வெளியேறிய பின் 6 ஆண்டு வரை இதனை வைத்திருத்தல் பிரிட்டிஷ் பல்கலைக் கழகங்களில் பரவலான வழக்கம். 6 என்னும் எண் எங்கிருந்து வந்தது? ஒப்பந்தம் மீறப்பட்டதென்று வழக்குத் தொடுப்பதற்கு அந்நாட்டுச் சட்டம் வைத்துள்ள காலவரம்பு அது. மலேசியாவில் 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டமும், சிங்கப்பூரில் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அதே 6 ஆண்டையே கூறுகின்றன. வழக்கு வரக்கூடிய நாள் வரை சாட்சி உயிரோடிருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. பணக் கணக்கு ஏடுகளுக்கு வரிச் சட்டம் வேறு எல்லை விதிக்கும். மலேசியாவில் வணிகக் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருத்தல் வேண்டும்.

மூன்றாம் வகை, குறுகிய ஆயுளுடையன. இடம் கிடைக்காதவர்களின் விண்ணப்பம், மறு ஆய்வுக் காலம் கடந்த விடைத்தாள் ஆகியவற்றுக்கு ஓராண்டு போதும். கூட்டத்திற்கு அழைத்த சுற்றறிக்கையின் நகலுக்கு அவ்வளவுகூட வேண்டியதில்லை.

நான்காம் வகையே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. ஒரு மாணவிக்கு வந்த நோய், ஓர் இளைஞன் பதினெட்டு வயதில் பெற்ற சிறு தண்டனை, உதவிப் பணம் கேட்டுத் தந்தையின் வறுமையை விவரித்து எழுதிய மனு, இவையெல்லாம் அலுவலகத்தில் உள்ளன. இவற்றை அளவுக்கு மேல் வைத்திருப்பதும் கொடுமையே. ஐம்பது வயதில் அவனைத் தாழ்த்துவதற்கு எவனோ ஒருவன் அவற்றைத் தேடி எடுக்கலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும், தேவை தீர்ந்த பின் தனியார் விவரங்களை வைத்திருத்தலாகாது என்னும் கொள்கையை ஏற்றுள்ளன. அவை அரசாங்க அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாவிடினும் கொள்கை யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும். மறக்க வேண்டியதை மறப்பதும் ஒரு கடமை.

இவ்வகைகள் அனைத்திற்கும் மேலான விதி ஒன்று உண்டு. ஒரு மாணவன் முறையிட்டிருக்கையில், ஒரு விசாரணை நடந்து கொண்டிருக்கையில், அதற்குத் தொடர்பான ஒரு துண்டுச் சீட்டையும் தொடலாகாது. ஆண்டு நிறைந்துவிட்டது என்று காலண்டரைக் காட்டி அழிப்பது நீதியைக் கொல்வதாகும்.

கழிக்கும் முறை

கழிப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். எந்த வகை, எந்த ஆண்டு, எத்தனை கட்டு என்று முதலில் பட்டியல் எழுத வேண்டும். ஏட்டைப் பயன்படுத்தும் அலுவலரும், காப்பகத்தின் பொறுப்பாளரும் ஆகிய இருவர் கையெழுத்திட வேண்டும். பழைய பெட்டியின் பல பூட்டுகள் இக்காலத்தில் எடுக்கும் உருவம் இதுவே. மலேசியாவில் பொது அலுவலக ஏடுகளைத் தேசிய ஆவணக் காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றி அழித்தலாகாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. அழிப்பதென்று முடிவு செய்தபின் முழுதும் அழிக்க வேண்டும். பழைய காகிதம் வாங்குவோனுக்கு நிறுத்து விற்றால், ஒருவன் தேர்வில் தவறிய கதை கடலைப் பொட்டலமாக ஊர் சுற்றி வரும். இறுதியாக, அழித்தவற்றின் பட்டியலை என்றும் அழிக்கலாகாது. கரிவலம்வந்தநல்லூரில் இல்லாது போனது அந்தப் பட்டியலே.

காக்க வேண்டியவற்றையும் வாளா பூட்டி வைத்தல் போதாது. நம் நாட்டுக் கறையானும் ஈரக் காற்றும் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. கணிப்பொறியில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்பாரும் ஒன்று கேட்பாராக. இங்கிலாந்தில் 1086இல் எழுதிய 'டூம்ஸ்டே' என்னும் நில அளவைப் பேரேட்டின் 900ஆம் ஆண்டு நினைவாக, பி.பி.சி. நிறுவனத்தார் 1986இல் நாட்டின் செய்திகளைத் திரட்டி ஒளித்தட்டில் பதித்தனர். பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அத்தட்டைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. அறிஞர்கள் பெரிதும் பாடுபட்டே அதனை மீட்டனர். தோலில் எழுதிய பழைய ஏட்டையோ இன்றும் விரித்துப் படிக்கலாம். புதுக் கருவி வரும்தோறும் பழைய பதிவை அதற்கு மாற்றிக் கொண்டே வருபவன்தான் கணிப்பொறியால் பயனடைவான்.

நம்மவர் செய்ய வேண்டுவது

ஏடில்லாதவன் படும் பாட்டை இந்நாட்டுத் தமிழர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமையால் அடையாள அட்டை பெற இயலாது அல்லலுறும் இந்தியர்கள் மலேசியாவில் இன்றும் உளர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டுமனைகளாக மாறியும் போன காலத்தில், நம் பெற்றோர் பெயர் எழுதிய செக்ரோல் புத்தகங்கள் எங்குப் போயின என்று எத்தனை பேர் கேட்டோம்? கேட்கத் தெரியாதிருந்தோம். இனியேனும் கேட்கப் பழக வேண்டும். பிள்ளையைப் பல்கலைக் கழகத்தில் சேர்க்கும் பெற்றோர், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு, ஏடுகளைக் காக்கவும் கழிக்கவும் எழுதப்பட்ட விதி உண்டா என்றும் கேட்கலாம். பட்டம் பெற்றவர் தேர்வு முடிவுப் பத்திரத்தின் உறுதி செய்த நகலை உடனே வாங்கி வைத்தல் நன்று.

நம் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் இதே நெறியைக் கைக்கொள்ளலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. உறுப்பினர் பதிவும் தீர்மானப் புத்தகமும் என்றும் நிற்கும். கணக்கு 7 ஆண்டு நிற்கும். மற்றவை ஓராண்டில் கழியும். கழிக்குமுன் இருவர் கையெழுத்திடுவர் என்று அரைப் பக்கத்தில் எழுதிச் செயற்குழுவில் நிறைவேற்றினால் போதும். தலைவர் மாறும்பொழுது நாற்காலியை ஒப்புவிப்பது போல ஏட்டையும் எண்ணி ஒப்புவிக்கச் செய்தால், ஐம்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் இந்நாட்டில் தமிழர் வாழ்ந்த வரலாற்றை எழுத அமரும்பொழுது, பிறர் எழுதி வைத்த குறிப்பை நம்பிக் கையேந்தி நிற்க வேண்டியிராது.